கடிகாரமும் குளவியும்

வெட்டவெளியில் கடிகாரமொன்று கிடக்கக் கண்டால், அதைச் செய்தவன் ஒருவன் உண்டென்று நாம் நிச்சயிக்கிறோம் அல்லவா? அவ்வாறே கண்ணின் நுட்பமான அமைப்பும் சிருஷ்டிகர்த்தாவுக்குச் சாட்சி கூறுகிறதென்று ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் பேலி 1802-ல் வாதித்தார்.

கேம்பிரிட்ஜில் பயின்ற காலத்தில் டார்வின், பேலியின் நூல்களைப் பெரிதும் ரசித்தவர். ஆயினும், புழுவை உயிரோடு உள்ளிருந்தே தின்று வளரும் குளவியினத்தைக் கருணையே உருவான கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பாரோ என்று 1860-ல் அமெரிக்கத் தாவர சாஸ்திரி ஏஸா கிரேக்கு எழுதினார்.

கிரே கிறிஸ்தவ பக்தர். பரிணாமத்தை ஏற்றும் அவர் விசுவாசத்தைக் கைவிடவில்லை. இயற்கைத் தேர்வு கடவுட் கொள்கைக்கு விரோதமன்று என்றார்.

மலரை மட்டும் சாட்சிக்கழைத்துக் குளவியை மறைத்தால், நம் மாணாக்கரை நாம் வஞ்சித்தவராவோம். இரண்டையும் காட்டுவோம். குளவியைக் கண்ட பின்னரும் குலையாத பக்தியே உறுதியான பக்தி.