உங்களுக்குத் தெரியுமா? ‘நார்சிசிஸ்ட்’ யார் பெற்ற பிள்ளை?

எந்நேரமும் தன் புராணமே பாடுகிறவரை ‘நார்சிசிஸ்ட்’ என்கிறோம். தமிழில் தற்காதலர், சுயமோகி என்று எழுதுகிறார்கள். சொல்லுக்கு மூலம் நார்சிசஸ் என்ற கிரேக்கக் கதை இளைஞன். நதித் தெய்வத்துக்கும் நீரணங்குக்கும் பிறந்த பேரழகன்.

பிள்ளைக்கு ஆயுள் எப்படி என்று தாய் கேட்டாள். “தன்னை அறியாதவரை நெடுநாள் வாழ்வான்” என்றார் பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸ். ‘உன்னை அறி’ என்று டெல்பி கோயிலில் பொறித்து வைத்திருந்த நாட்டில் இப்படியொரு ஆரூடம்!

அவனை விரும்பி, விரட்டப்பட்டு, உருகி உருகிக் குரலாக மட்டும் மிஞ்சிய பெண்ணின் பெயர் எக்கோ. எதிரொலிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்தான்.

சுனையில் தெரிந்த முகத்தை அவன் முதலில் வேறு யாரோ என்றே நினைத்தான். ரோமானியக் கவிஞர் ஓவிட் அப்படித்தான் சொல்கிறார். ‘அது நானே’ என்று தெரிந்தபிறகும் விலக முடியாமல்தான் அங்கேயே மாய்ந்தான். தெரிந்தே தன்னைக் கொண்டாடுகிறவர்களுக்கு அவன் பெயரை வைத்தது கொஞ்சம் அநியாயம்தான்.

உடல் கிடந்த இடத்தில் பூத்தது நார்சிசஸ் மலர். டாஃபடில் இந்த இனம்தான். பூவுக்குப் பெயர் வந்தது பையனால் அல்ல, மரத்துப்போதலைக் குறிக்கும் ‘நார்கே’ என்ற கிரேக்கச் சொல்லால் என்றார் ரோமானிய அறிஞர் பிளினி. ‘நார்கோட்டிக்’ பிறந்ததும் அந்தச் சொல்லிலிருந்தே. டாஃபடில் கிழங்கிலிருந்து எடுக்கப்படும் கேலன்டமின், அல்சைமர் மறதிநோய்க்கு மருந்து.

பாரசீகத்தில் இந்தப் பூ நர்கிஸ். அங்கே கர்வத்துக்கு அல்ல, காதலியின் கண்ணுக்கு உவமை. ‘மதர் இந்தியா’ நாயகி நர்கிஸ் நினைவுக்கு வருவார். 2008-இல் மியான்மரைச் சூறையாடிய புயலுக்கும் அதே பெயர்!

கதையை மருத்துவத்துக்குள் இழுத்தவர் ஆங்கிலேயர் ஹேவ்லாக் எல்லிஸ், 1898-இல். மறு ஆண்டே ஜெர்மானியர் பால் நெக்கே அதைச் சொல்லாக்கினார். 1914-இல் பிராய்டு தனிக் கட்டுரை எழுத, சொல் ஊரெல்லாம் பரவியது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் ஆளுமைக் கோளாறாக ஏறியது 1980-இல். நாளுக்கு நாற்பது செல்ஃபி எடுக்கும் மைத்துனருக்கெல்லாம் அந்தப் பட்டியல் பொருந்தாது.

ஓவிட் கதை சாவோடு முடியவில்லை. பாதாளம் போன பிறகும், அங்கே ஓடும் ஸ்டிக்ஸ் ஆற்றில் குனிந்து முகம் பார்த்துக்கொண்டிருந்தானாம்.