ராஜா என்ற பெயரை விட்டுவிட்டால்...

கதைச்சுருக்கம் எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் முதல் வரியிலேயே தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். ‘ஏழ்மையிலும் மனிதநேயம் வாழ்கிறது என்பதை ஆசிரியர் இக்கதையில் மிக அழகாக எடுத்துக்காட்டுகிறார்’ என்று தொடங்கும் தாள்களை நான் நிறையவே திருத்தியிருக்கிறேன். அந்த வரியை எந்தக் கதைக்கும் ஒட்டிவிடலாம் என்பதுதான் சிக்கல். அதைப் படிப்பவருக்குக் கதையில் யார் இருக்கிறார்கள், என்ன நடந்தது என்று எதுவும் தெரியாது. எழுதியவருக்குக் கதை பிடித்திருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

சார்பற்ற சுருக்கம் என்பது நம் விருப்பு வெறுப்பைக் கலக்காமல், கதையைப் படிக்காத ஒருவருக்கு அதன் போக்கைச் சில வரிகளில் சொல்வது. கேட்க எளிதாக இருக்கிறது. மனத்தைத் தொட்ட ஒரு கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும். இதற்கு நான் வகுப்பில் எப்போதும் எடுப்பது கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. 1950களில் கோலாலம்பூரில் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர் என்பதால் அவர் நமக்கும் கொஞ்சம் சொந்தக்காரர்.

இக்கதையைச் சுருக்கும்போது மாணவர்கள் முதலில் வெட்டுவது அதன் தொடக்கத்தை. ஒரு பணக்கார வீட்டுப் பையன் ராமசாமியும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் ‘என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா?’ என்கிற போக்கில் போட்டி போடுகிறார்கள். பாடப்புத்தகத்துப் படத்தில் தொடங்கிப் பட்டுச்சட்டை வரை போகிறது பேச்சு. ‘இது பிள்ளைகள் விளையாட்டுதானே, கதைக்குத் தேவையில்லை’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பிறகு வருவதை எல்லாம் சரியாகவே எழுதுகிறார்கள். தீபாவளி வருகிறது, ஓர் அநாதைச் சிறுவன் வீட்டு வாசலுக்கு வருகிறான், தாய் அவனுக்கு உதவுகிறாள். எல்லாம் இருந்தும் சுருக்கம் உயிரில்லாமல் கிடக்கும்.

காரணம், கதையின் முடிவு அந்தப் போட்டியின் கடைசிச் சுற்று. ராமசாமியின் அக்காள் கணவர் ஜமீன் ராஜா. அவர் தீபாவளிக்கு வந்திருப்பது ராமசாமிக்குப் பெருமை. ஏழைக் குடிசைக்கு வந்த சிறுவனின் பெயரும் ராஜா. முடிவில் சிறுமி மங்கம்மாள் சொல்லும் பதில் இந்த இரண்டையும் இணைக்கிறது. ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க நான் கதையின் கடைசிப் பகுதியிலிருந்து பின்னோக்கிப் போகச் சொல்வேன். முடிவு நிற்பதற்கு எது தூணாக இருக்கிறதோ அது சுருக்கத்திலும் இருக்க வேண்டும். தூண் சின்னதாக இருக்கலாம். இந்தக் கதையில் அது ஒரு பெயர். முழுச் சுருக்கத்திலும் அவனை ‘அநாதைச் சிறுவன்’ என்றே எழுதிவிட்டு, தலைப்பில் வரும் ராஜா யார் என்று சொல்லாமலே விட்ட தாள்களும் உண்டு!

நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி எழுதுவேன்:

‘ஏழைத் தாய் தாயம்மாளின் பிள்ளைகளும் பணக்கார வீட்டுச் சிறுவன் ராமசாமியும் தங்களிடம் இருப்பவற்றைச் சொல்லிப் போட்டி போடுகிறார்கள். ஜமீன் ராஜாவான ராமசாமியின் அக்காள் கணவர் தீபாவளிக்கு அவன் வீட்டுக்கு வருகிறார். தாயம்மாளின் வீட்டு வாசலுக்கு உடம்பெல்லாம் சிரங்கு பிடித்த அநாதைச் சிறுவன் ஒருவன் வருகிறான். அவன் பெயர் ராஜா. தாயம்மாள் அவனுக்கு உணவளித்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தன் கணவனுக்காக வைத்திருந்த துண்டை உடுத்தக் கொடுக்கிறாள். தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக மங்கம்மாள் ராமசாமியிடம் சொல்கிறாள்.’

இதில் ‘தியாகம்’ என்ற சொல் இல்லை. கணவனுக்காக வைத்திருந்த துண்டு என்ற செய்தி இருக்கிறது. அது தியாகமா இல்லையா என்பதைப் படிப்பவர் பார்த்துக்கொள்வார். ‘பரிதாபமான சிறுவன்’ என்றும் இல்லை, சிரங்கு இருக்கிறது. பெயரடைகளை நீக்கினால் சுருக்கம் வறண்டுவிடும் என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். சரியான விவரம் ஒன்று இருந்தால் வறளாது.

உணர்ச்சியே வரக்கூடாதா என்று கேட்பார்கள். கதாபாத்திரத்தின் உணர்ச்சி வரலாம். ஒருவர் அழுதார், அஞ்சினார், வெட்கப்பட்டார் என்று கதையில் இருந்தால் அது நிகழ்ச்சி, எழுதலாம். அதைப் படித்து நம் கண் கலங்கியது வேறு விஷயம். ‘மிக அழகாக’, ‘உருக்கமாக’, ‘துரதிர்ஷ்டவசமாக’ போன்ற சொற்களில் பேசுவது கதையா நாமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டால் போதும்.

முடிவை மறைத்து, ‘பிறகு என்ன நடந்தது? கதையைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்’ என்று நிறுத்துவது இன்னொரு பழக்கம். அது நூல் விளம்பரத்துக்குப் பொருந்தும். சுருக்கம் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும். இப்போது கைப்பேசியில் கேட்டாலே நொடியில் ஒரு சுருக்கம் வந்துவிடுகிறது, அதிலும் பாதி இடத்தை ‘மனிதநேயம்’ பிடித்துக்கொள்கிறது. அதை நம்பி எழுதும் மாணவரை அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

கருத்தே சொல்லக்கூடாது என்பதில்லை. மதிப்பீடு எழுதச் சொல்லும் கேள்வியில் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன், கதையில் என்ன நடந்தது என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் ‘மங்கம்மாள் அப்பாவித்தனமாகச் சொன்னாள்’ என்றும், மற்றவர் ‘பெருமிதத்தோடு பதிலடி கொடுத்தாள்’ என்றும் சுருக்கத்திலேயே எழுதிவிட்டால், விவாதம் தொடங்கும் முன்பே முடிந்துபோகும். ‘சொல்கிறாள்’ என்று எழுதினால் அந்தக் கேள்வி திறந்தே இருக்கும். அவள் உண்மையில் எப்படிச் சொன்னாள் என்பதில் என் வகுப்பு ஒவ்வோர் ஆண்டும் இரண்டாகப் பிரிகிறது. நான் பதிலடி என்று நினைப்பவர்களின் பக்கம்.