"இது போச்சுன்னா?": கரண்ட் கணக்கின் பின்கட்டில்

சடையங்குப்பம் பக்கம் போனால் அண்ணாந்து பாருங்கள். வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், அதற்குத் துணையாக 1,500 மெகாவாட் வல்லூர். அங்கிருந்து கொசஸ்தலையாற்றையும் சதுப்பையும் தாண்டி மணலி நோக்கி டவருக்குப் பின் டவர்! இத்தனை கரண்டில் கடல் தாண்டி இலங்கைக்கு எவ்வளவு அனுப்பலாம்? கம்பியின் கனத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. வாங்க, பின்கட்டுக்குள் நுழைவோம்!

உள்ளே கணினித் திரையில் ஒரு பொம்மை நாடே ஓடிக்கொண்டிருக்கும். மின் நிலையம், துணைமின் நிலையம், டிரான்ஸ்ஃபார்மர், லைன் எல்லாம் எண்களாக. இந்தப் பக்கம் உற்பத்தியைக் கொஞ்சம் கூட்டுவார்கள், அந்தப் பக்கம் அதே அளவு குறைப்பார்கள். அடுத்து ஒரு லைனை வேண்டுமென்றே அறுப்பார்கள்! மற்ற லைன் சூடேறுகிறதா, வோல்டேஜ் சரிகிறதா, ஜெனரேட்டர்கள் தாளம் தப்புகின்றனவா? தாங்கியதா? சபாஷ், இன்னும் கொஞ்சம் ஏற்று. எது முதலில் முரண்டு பிடிக்கிறதோ அங்கேதான் எல்லை. இந்த அறுத்துப் பார்க்கும் சோதனைக்கு 'என் மைனஸ் ஒன்' என்று பெயர். கிடைத்த எண் டிடிசி, அதாவது மொத்தப் பரிமாற்றத் திறன். அவசரத்துக்கென்று ஒரு பங்கை எடுத்து வைத்தபின் மிஞ்சுவது ஏடிசி. வியாபாரமெல்லாம் அதற்குள்தான்.

இலங்கை என்றதும் கணக்கு சூடுபிடிக்கிறது. 2013 டிசம்பர் 31இல் தென்னகக் கட்டமைப்பு வடக்கோடு இணைந்த பிறகு, காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே துடிப்பு. 2024 மே மாத உச்சத் தேவை சுமார் 2,50,000 மெகாவாட். அதில் 500 போனால் இந்தியாவுக்குக் கொசுக்கடி. இலங்கையிலோ நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் பெரிய அலகு ஒன்றே 300 மெகாவாட்தான். ஒரே கம்பியில் 500 வந்து சட்டென்று நின்றால்? 2025 பிப்ரவரி 9, ஞாயிறு. இலங்கையின் பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாக அந்நாட்டு எரிசக்தி அமைச்சரே சொன்னார். தீவு முழுக்க இருட்டு! விடுமுறை நாள் என்பதால் தேவை குறைவு, வெயிலில் சோலார் அமோகம், அதிர்ச்சியை உள்வாங்கச் சுழலும் கனத்த இயந்திரங்கள் கொஞ்சம்தான். கணக்குப் போடுபவர்களுக்கு உச்சத் தேவை நாளைவிட இப்படிப்பட்ட சோம்பல் ஞாயிறுதான் சிம்ம சொப்பனம்.

இதற்கும் வைத்தியம் உண்டு. பேசப்படும் மதுரை–மன்னார் இணைப்பு உயர் அழுத்த நேர்மின்சாரம். இரு நாட்டுத் துடிப்பும் ஒன்றோடொன்று ஒட்டாமல், வேண்டிய அளவை மட்டும் ஓட்டலாம். இரண்டு துருவமாகப் போட்டால், ஒன்று படுத்தாலும் மற்றது பாதியைத் தாங்கும். வங்கதேசத்தோடு நாம் செய்ததும் இதே நேர்மின்சாரத் தந்திரம்தான்: 2013இல் பேராமாராவில் 500 மெகாவாட், 2018இல் இன்னொரு 500. அவர்கள் தாங்கத் தாங்கக் கூட்டினோம்.

நீண்ட காலக் கணக்கில் இன்னும் கூத்து. பத்து வருடம் கழித்து எங்கே புது அலகு வரும், எது மூடப்படும்? 2017இல் எண்ணூர் பழைய நிலையம் மூடப்பட்டதே, அப்படி! ஆடிக்காற்றில் நம் காற்றாலைகள் பொங்கும்போது ஒரு எண், காற்று ஓய்ந்த மாலையில் வேறு எண். ஒவ்வொரு சூழலுக்கும் பொம்மை நாட்டை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

இந்த இந்திய–இலங்கை இணைப்பின் ஆய்வுக்கு 2010இல் கையெழுத்தானது. 2025 ஏப்ரலில் கொழும்பில் புரிந்துணர்வு ஒப்பந்தம். செய்தியில் இனி '1,000 மெகாவாட்' என்று வந்தால் உடனே கேளுங்கள்: திங்கள் மாலைக்கா, ஞாயிறு மதியத்துக்கா?