மேயருக்கு நாம் வாக்களித்தோமா?

உள்ளாட்சிப் பாடத்தை நடத்தும்போது, புத்தகத்தில் விடை தேட முடியாத ஒரு கேள்வி வரும். "டீச்சர், எங்கம்மா நாலு ஓட்டுப் போட்டாங்க. தேசூர்ல எங்க சித்தி ஒரே ஒரு ஓட்டுதான் போட்டாங்களாம். ஏன்?"

சீயமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் இக்கேள்வி எழ எல்லா நியாயமும் உண்டு. மகேந்திரவர்மனின் குடைவரைக் கோயில் உள்ள சீயமங்கலம் ஒரு கிராமம். அருகிலுள்ள தேசூர் ஒரு பேரூராட்சி. தெற்கே உள்ள செஞ்சியும் பேரூராட்சிதான். சைக்கிளில் போய்வரும் தூரத்துக்குள் வாக்குரிமையின் வடிவமே மாறிவிடுகிறது.

கிராமத்தின் நான்கு வாக்குகளை நமக்கு விளக்க வேண்டியதில்லை. 2019 டிசம்பரில் வாக்குச்சாவடிப் பணிக்குப் போனவர்களுக்கு அந்த நிறங்கள் மறக்காது. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சிக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கையும் எண்ணிக் கொடுத்து, மடித்து வாங்கி, பெட்டியில் போடச் சொல்லி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இந்த நான்கு பேரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தாலும், தலைவர் பதவிகளில் ஊராட்சித் தலைவர் பதவிக்கு மட்டுமே நேரடித் தேர்தல். ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். இந்த இரண்டு பதவிகளுக்கும் மறைமுகத் தேர்தல்தான் என்று அரசமைப்புச் சட்டமே சொல்லிவிட்டதால், எந்த மாநிலமும் அதை மாற்ற முடியாது.

நகரத்தின் கதை வேறு. 2022 பிப்ரவரி 19 அன்று 21 மாநகராட்சிகளுக்கும், நகராட்சிகளுக்கும், பேரூராட்சிகளுக்கும் வாக்குப்பதிவு நடந்தது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் ஒரே ஒரு பொத்தான். அதுவும் நம் வார்டுக் கவுன்சிலருக்கு மட்டும். மேயரையும் தலைவர்களையும் மார்ச் 4 அன்று கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். மேயராக விரும்புபவர் முதலில் ஏதேனும் ஒரு வார்டில் வென்றாக வேண்டும். சென்னை மேயர் பிரியா போட்டியிட்டது 74ஆவது வார்டில். அந்த மாநகராட்சியின் 200 வார்டுகளில், அவர் பெயருக்கு நேரே பொத்தானை அழுத்தும் வாய்ப்பு ஒரு வார்டு மக்களுக்கு மட்டுமே இருந்தது.

மேயர் பதவி நடுவில் காலியானாலும் இதே வழிதான். 2024இல் கோவை, நெல்லை மேயர்கள் பதவி விலகியபோது பொதுமக்கள் யாரும் வாக்குச்சாவடிக்குப் போகவில்லை. ஆகஸ்டில் கவுன்சிலர்களே புதியவர்களைத் தேர்ந்தெடுத்தனர்.

"எங்க தாத்தா மேயருக்கே ஓட்டுப் போட்டிருக்கேன்னு சொல்றாரே" என்று ஒரு மாணவர் மறுத்தால், தாத்தா சொல்வதும் சரிதான். 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயர்களும் நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களும் மக்களின் நேரடி வாக்கில் வந்தார்கள். அப்படிச் சென்னைக்கு வந்த முதல் மேயர் மு.க. ஸ்டாலின். இடையில் 2006இலும், பிறகு 2022இலும் மறைமுகத் தேர்தல். செஞ்சி வாக்காளர் 2011இல் தலைவருக்கும் சேர்த்து வாக்களித்தார். 2022இல் கவுன்சிலருக்கு மட்டும் வாக்களித்தார். நகர்ப்புற அமைப்புகளின் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை 74ஆவது திருத்தம் மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டிருப்பதால்தான் இவ்வளவு மாற்றங்கள். அதனால் பாடநூலில் எப்போதோ படித்த ஒரு வரியை நம்பி இதை நடத்துவது ஆபத்து. நடைமுறையில் உள்ள சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரடியா, மறைமுகமா, எது நல்லது என்று மாணவர்கள் கேட்பார்கள். விடை சொல்லாமல் ஒரு கணக்குப் போட வைக்கலாம். வகுப்பில் 30 பேர். ஆறு ஆறு பேராக ஐந்து வார்டுகள். கவிதா, முருகன் என்று இருவர் தலைவர் பதவிக்கு நிற்கிறார்கள். முதல் இரண்டு வார்டுகளில் 12 பேரும் கவிதா பக்கம். மற்ற மூன்று வார்டுகளிலும் தலா இருவர் கவிதாவையும், நால்வர் முருகனையும் விரும்புகிறார்கள். நேரடித் தேர்தல் வைத்தால் கவிதாவுக்கு 18, முருகனுக்கு 12. ஆனால் வார்டு வாரியாக உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐவர் தலைவரைத் தேர்ந்தெடுத்தால் முருகனுக்கு மூன்று, கவிதாவுக்கு இரண்டு. விருப்பங்கள் மாறவில்லை, தலைவர் மாறிவிட்டார். "இது அநியாயம்" என்று பாதி வகுப்பு கத்தும். அப்போது அடுத்த கேள்வியைப் போடலாம். நேரடியாக வென்ற கவிதா ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். மன்றத்தில் மூன்று பேர் எதிர்க்கிறார்கள். இப்போது வேலை எப்படி நடக்கும்? கத்தியவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். உண்மையான மன்றங்கள் சந்திக்கும் சிக்கலும் இதுவே.

இந்த இடத்தில் உத்திரமேரூரைக் கொண்டுவர நமக்கெல்லாம் ஆசை. கொண்டுவரலாம், ஆனால் பராந்தகன் காலத்துக் குடவோலை வாக்கெடுப்பு அல்ல, குலுக்கல். நிலமும் சொந்த வீடும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது என்ற விதி இன்றைக்கும் வியக்க வைக்கிறது. ஆனாலும் அது எல்லோருக்குமான தேர்தல் என்று சொல்லிவிட்டால், அதில் இடமில்லாதவர்களை மறைத்தவர்களாகிவிடுவோம். இன்று உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. 2022இல் 21 மேயர் பதவிகளில் 11 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. போட்டியிடக் குறைந்தபட்ச வயது 21 என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லிப் பாருங்கள். இன்னும் நான்கு வருடம்தான் என்று யாரோ ஒருவர் கணக்குப் போடுவார்.

வகுப்பறைக்கு மிகவும் பயன்படுவது பிரச்சாரப் பேச்சுதான். தெருவில் ஒலிபெருக்கியில் கேட்ட வாக்குறுதிகளை எழுதி வரச் சொல்லி, எது யார் பொறுப்பு என்று பிரிக்கச் சொல்லலாம். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், குப்பை, வீட்டு வரி ஆகியவை பேரூராட்சியுடையவை. பட்டா வருவாய்த் துறையிடம். கூடுதல் பேருந்து போக்குவரத்துக் கழகத்திடம். செஞ்சிக்கு இன்னொன்றும் உண்டு. மராட்டியர் கால இராணுவ நிலப்பரப்புகளில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கோட்டைச் சுவரில் ஒரு கல்லைக்கூட வார்டுக் கவுன்சிலர் நகர்த்த முடியாது. கோட்டையைப் பார்க்க வருபவர்கள் ஊருக்குள் போட்டுவிட்டுப் போகும் பிளாஸ்டிக் பாட்டில்கள் மட்டும் அவர் தலையில்தான். "கோட்டையைச் சீரமைப்பேன்" என்று ஒருவரும் "கடைத்தெருவில் குப்பைத்தொட்டி வைப்பேன்" என்று இன்னொருவரும் சொன்னால், செய்யக்கூடியதைச் சொல்பவர் யார் என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கவுன்சிலரோ தலைவரோ இல்லாத காலமும் உண்டு. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. அண்மையிலும் இப்படி நடந்தது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய, நகரங்களுக்குப் புதிய மன்றங்கள் வர 2022 ஆகிவிட்டது. 2016 ஜூனில் செஞ்சியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, தன் தெருவுக்கு ஒரு கவுன்சிலர் உண்டு என்பதை அறியாமலேயே ஐந்தாம் வகுப்பை முடித்திருக்கும். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அலுவலர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் தண்ணீர் வராத நாளில் ஊரார் போய்க் கதவைத் தட்டும் வீடு அந்த ஊரில் இருக்காது. நம் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கென உள்ள நாற்காலியும் அப்போது காலியாகிவிடுகிறது. சுற்றுச்சுவருக்காகவும் கழிப்பறைத் தண்ணீருக்காகவும் மனு எழுதிய தலைமையாசிரியர்களுக்கு இதன் கனம் தெரியும்.

வகுப்பில் மாதிரித் தேர்தல் நடத்துவோருக்கு ஒரு சிறு எச்சரிக்கை. கட்சி, தலைவர் பெயர்கள் வேண்டாம் என்று நமக்குத் தெரியும். சின்னத்தில்தான் தடுக்கி விழுவோம். மாம்பழம், பானை, முரசு, சைக்கிள் என்று அப்பாவியாக மனதில் தோன்றுவதெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவருடையது. சாக்பீஸ், டஸ்டர், ஸ்கேல் என்று வைத்துக்கொண்டால் மாலையில் எந்தப் பெற்றோரும் விளக்கம் கேட்டு வரமாட்டார்கள்.