விளக்கினுள் ஒரு மஞ்சட் பொடி

திருவிழாக் காலங்களில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து சென்றதை நம் ஊர் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்விளக்கின் மேண்டில் வலையில் தோரியத்துடன் நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் என்னும் அருமண் சேர்ந்திருந்தது. பளிச்சென்ற வெளிச்சத்திற்கு அந்த ஒரு பங்கே காரணம். இவ்விரண்டும் அடங்கிய மோனசைட் தாது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார்.

அதே சீரியம் இன்று பஞ்சாயத்தின் எல்.இ.டி. தெருவிளக்கிலும் வேலை செய்கிறது. எல்.இ.டி. சில்லிலிருந்து வருவது வெள்ளொளி அன்று; நீல ஒளியே. இந்நீல ஒளியைச் சாதித்த ஜப்பானிய விஞ்ஞானிகளான அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் நோபல் பரிசு பெற்றனர். சில்லின்மேல் இட்ரியம், அலுமினியம், ஆக்சிஜன் ஆகியவற்றாலான மஞ்சட் பொடியொன்றைப் பூசுகிறார்கள். அதில் மிகச் சிறிதளவே சீரியம் கலந்திருக்கும். நீல ஒளியில் ஒரு பகுதியைச் சீரியம் உட்கொண்டு மஞ்சள் ஒளியாக வெளியிடுகிறது. மஞ்சளும் எஞ்சிய நீலமும் கூடி நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன.

இப்பொடி சிலிக்கோன் பசையில் குழைத்துப் பூசப்படுவது. சூடு மிகுந்தால் பசை நாளடைவில் பழுப்பேறி, வெளிச்சம் மங்கும். சூட்டைக் கடத்தும் அலுமினியப் பாகத்தில்தான் மலிவான விளக்குகளில் சிக்கனம் செய்கிறார்கள். விலையை மட்டும் பார்த்து வாங்கும் பஞ்சாயத்து இதற்குப் பின்னர் இருமடங்கு செலவிட நேரும். வயலை ஒட்டிய தெருவாயின் பெட்டியிலுள்ள கெல்வின் எண்ணையும் கவனிக்கவேண்டும். 6500 எனில் நீலம் மிகுதி. அதைப் பூச்சிகள் அதிகம் நாடும். 3000 எனில் அத்தொல்லை குறைவு.

இம்மஞ்சட் பொடிக்கு ஒரு குறையுண்டு: அதன் ஒளியில் சிவப்புப் போதாது. தெருவுக்கு இது பெரிதன்று. பரமக்குடி, எமனேசுவரம் நெசவாளர்களுக்கோ இது பிழைப்பையே தொடும் விஷயம். அரக்குச் சிவப்பும் அதற்கடுத்த சாயலும் இரவில் ஒன்றுபோல் தோன்றினால், கரையில் நூல் மாறிவிடும், காலையில்தான் தெரியும். யூரோப்பியம் என்னும் மற்றோர் அருமண் கலந்த சிவப்புப் பொடியைச் சேர்த்து இக்குறையை நீக்குகிறார்கள். ஒரே மின்செலவில் வெளிச்சம் சற்றுக் குறையும், விலையும் கூடும். ஆயினும் தறிக்கு அதுவே ஏற்றது.

பெட்டியில் இதற்கு அடையாளம் சி.ஆர்.ஐ. என்னும் எண். பகல் வெளிச்சத்திற்கு அது 100. தெருவிளக்குக்கு 70 போதும். தறிக்கூடத்திற்கு 90 வேண்டும். எண் அச்சிடப்படாத விளக்காயின், நெருங்கிய இரு சிவப்பு நூற்கழிகளைப் பகலில் முற்றத்தில் வைத்துப் பார்த்து, அவற்றையே இரவில் அவ்விளக்கின் கீழ் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.