எட்டரை தடவைக்கு ஒரு ஐந்து

சித்தூரில் பஸ் ஏறினால், சந்திரகிரி தாண்டித் திருப்பதி போய்ச் சேர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து நேரில் ஆடும் போக்கரில், ஒருவர் கைக்கு 'சின்ன ஜோடி' வருவதும் ஏறக்குறைய அந்த இடைவெளியில்தான். ரெண்டு ரெண்டோ, அஞ்சு அஞ்சோ, ஆறு வரைக்கும் எதுவானாலும் சின்ன ஜோடி. மணிக்கு 30 ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 44 ஆட்டத்துக்கு ஒருமுறை அது வரும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஆளுக்கு 2 சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். பந்தயம் கட்டியபின் நடுவில் 3 சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். அதற்கு ஃபிளாப் என்று பெயர். அப்புறம் ஒவ்வொன்றாக இன்னும் 2. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம், ஈடு கட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். ரம்மிக்காரர்கள் 'ஸ்கூட்' என்பார்களே, அதேதான்.

கையில் அஞ்சு அஞ்சு. மீதி 50 சீட்டில் நமக்கு வேண்டியவை இரண்டே இரண்டு. திறக்கும் மூன்றில் அவற்றில் ஒன்றாவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 11.8. எட்டரை தடவைக்கு ஒருமுறை. விழுந்தால் அது 'செட்'. எதிராளி கையில் ஏஸ் ஜோடியே இருந்தாலும், அந்த நிலையில் பத்துக்கு ஒன்பது தடவை ஜெயிப்பது நாம்தான். விழாவிட்டால்? ஃபிளாப்பில் ஐந்தைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது கிடக்க வாய்ப்பு 98 சதவீதத்துக்கும் மேல். கையிலிருந்த ஜோடி சட்டென்று அற்பமாகத் தெரியும்.

இத்தனைக்கும் அந்த ஜோடி அவ்வளவு அற்பமில்லை. ஏஸும் ராஜாவும் வைத்திருப்பவர் எழுந்து நின்று எல்லாப் பணத்தையும் ஃபிளாப்புக்கு முன்பே தள்ளட்டும். ஐந்து சீட்டும் திறந்து முடிகையில், நூற்றுக்கு 52 முதல் 55 தடவை சின்ன ஜோடிதான் ஜெயித்திருக்கும். எனக்கு இது முதலில் நம்பமுடியாததாகத்தான் இருந்தது. ஏஸ் ஜோடியோடு மோதினால் மட்டும் கதை வேறு: ஐந்தில் ஒரு தடவை தேறினால் பெரிது.

சிக்கல் சீட்டில் இல்லை, விலையில். ஃபிளாப்பைப் பார்க்க 100 ரூபாய் என்றால், ஏழரை தடவை அந்த நூறு போகும். விழுகிற அந்த ஒரு தடவை 750 ரூபாயாவது தேறினால்தான் கைக்காசு திரும்பும். செட் விழுந்த ஒவ்வொரு தடவையும் எதிராளி பணம் போடுவார் என்பதில்லை; சில சமயம் செட்டே தோற்கும். அதனால் விவரமான ஆட்டக்காரர்கள் கட்டும் விலையைப்போல் 15, 20 மடங்காவது இருவர் முன்னாலும் இருக்கிறதா என்று கண்ணாலேயே அளந்துவிடுவார்கள். விடாமல் ஏற்றுகிற முரட்டு ஆட்டக்காரர் குலைப்பது இந்தக் கணக்கைத்தான். 2000 ரூபாய் வைத்திருப்பவர் எடுத்த எடுப்பில் 500 ஏற்றினால் நான்கே மடங்கு. ஸ்கூட்.

முரட்டு ஆளிடமிருந்து நிறையக் கறக்கலாம் என்று பொதுவாக ஒரு நினைப்பு உண்டு. பாதிதான் சரி. கையில் ஏஸ் ஜோடி வைத்துக்கொண்டு ஏற்றுகிறவர், நமக்குச் செட் விழுந்தாலும் விடமாட்டாமல் பணம் கட்டுவார். எதை வைத்தும் ஏற்றுகிறவரிடம் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஜோடியில்லாத இரண்டு சீட்டுக்கு ஃபிளாப்பில் எதுவும் பொருந்தாமல் போவது மூன்றுக்கு இரண்டு தடவை. அவரை நாம் திருப்பி ஏற்றி மிரட்டினால் ஓடிவிடுவார். வெறுமனே ஈடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், வெறுங்கையை மறைக்க அவரே பணத்தைக் கொண்டுவந்து கொட்டுவார். செட் விழாதபோதும் அவருக்கு எதிராக நம் ஜோடி முன்னணியில் இருக்கக்கூடும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அடுத்த சீட்டுக்கு ஒரு விலை, அதற்கடுத்ததற்கு இன்னொரு பெரிய விலை.

எதை வைத்திருப்பது, எதை விடுவது என்பதே வித்தை என்று சொன்னது ஆந்திரத்து வழக்குதான். செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1968 என்று சட்ட நூல்கள் குறிக்கும் ஆந்திரப் பிரதேச அரசு - சத்தியநாராயணா தீர்ப்பு அது: விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும் என்பதால் ரம்மியில் திறமை உண்டு, மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம். போக்கரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதில் நீதிமன்றங்கள் ஒத்துப்போகவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் அதை அதிர்ஷ்டம் என்றது; சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் திறமை என்றது. ஆந்திர அரசோ 2020 செப்டம்பரிலேயே ஆன்லைன் ரம்மி, போக்கர் இரண்டையும் தடை செய்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதென்றால் திறமையா அதிர்ஷ்டமா என்றே கேட்பதில்லை.

திருமலையில் சுப்ரபாத சேவை டிக்கெட்டுக்கு லக்கி டிப் நடத்துகிறார்கள். கலப்படமில்லாத அதிர்ஷ்டம் என்றால் அது. பெயர் வரும், அல்லது வராது. நடுவில் ஸ்கூட் கிடையாது.

செட் விழும் கணக்கைச் சரிபார்க்கக் காசு வேண்டாம், வீட்டுச் சீட்டுக்கட்டு போதும். இரண்டு அஞ்சை எடுத்துத் தனியே வையுங்கள். மீதி ஐம்பதைக் குலுக்கி மூன்றைத் திறங்கள். அஞ்சு விழுந்தால் ஒரு புளியங்கொட்டை. நூறு தடவை குலுக்கினால் கொட்டை பன்னிரண்டை ஒட்டி இருக்கும். ஒன்பதோ பதினைந்தோ வந்தாலும் சீட்டுக்கட்டைச் சந்தேகிக்காதீர்கள். நூறு என்பது சின்ன எண். நேரில் ஆடுகிறவருக்கு நூறு சின்ன ஜோடி வந்து சேர ஏறக்குறைய 147 மணி நேரம் ஆகும்.