ஜோர்ஜ்டவுன்: குழந்தையும் பாட்டியுமாக விடுமுறைக்குப் போகலாமா?

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இந்தத் தடவை எங்கே?" என்ற கேள்வி வந்துவிட்டது. நீங்கள் "பினாங்கு, ஜோர்ஜ்டவுன்ல தங்கலாமே" என்று தட்டுகிறீர்கள். அடுத்த நிமிடமே பதில்கள் வந்து விழுகின்றன.

"பழைய ஊரு, ஒரே அழுக்கு."

"ஸ்ட்ரோலரை எங்க தள்றது?"

"பாட்டிக்கு முட்டி வலி, மறந்துட்டியா?"

கடைசியில் யாரோ ஒருவர் லங்காவி ரிசார்ட் லிங்க் ஒன்றை அனுப்புகிறார். பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது.

இந்தச் சண்டை நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தைப் பற்றி ஐரோப்பியக் குடும்பங்களும் இப்படித்தான் பேசிக்கொள்கின்றன. நேப்பிள்ஸின் பழைய நகரப் பகுதி 1995-ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பிடித்தது. 2008 வாக்கில் அதே நகரத்தின் தெருக்களில் மலைபோல் குவிந்த குப்பை உலகச் செய்தி ஆனது. இரண்டும் உண்மை. அப்படியிருந்தும் பிள்ளைகளோடு போகிறவர்கள் போகிறார்கள். பீட்சாவுக்குப் பேர்போன ஊர், பக்கத்திலேயே எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரம்!

"ஊர் நல்லதா கெட்டதா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "அந்த ஊரில் என் வீட்டு ஆட்களுக்கு எது கஷ்டம், அதை முன்கூட்டியே சமாளிக்க முடியுமா?" என்று கேட்டால் கிடைக்கும். ஜோர்ஜ்டவுனை அந்தக் கேள்வியோடு பார்க்கலாம்.

ஏன் இப்படிப் பழசாகத் தெரிகிறது?

சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு, கூரையில் முளைத்த செடி, பூட்டியே கிடக்கும் கடைவீடு. முதல் தடவை வருபவர்களுக்கு "யாரும் கவனிக்கறதில்லையோ" என்றுதான் தோன்றும். அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை உரிமையாளர்கள் இஷ்டத்துக்கு உயர்த்த முடியாமல் இருந்தது. வாடகை குறைவு என்பதால் சாதாரணத் தொழிலாளர்களும் சிறுகடைக்காரர்களும் நகரத்தின் நடுவிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அதே காரணத்தால், உரிமையாளர்களுக்குப் பழுதுபார்ப்பதில் ஆர்வம் இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவதும் சுலபமாக இல்லை. கட்டடங்கள் பழசாகின, ஆனால் தப்பித்தன.

2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு அந்தக் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது, பழைய குடும்பங்கள் பல வெளியேறின. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜோர்ஜ்டவுனும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு கடைவீடுகள் ஒவ்வொன்றாக கஃபேயாகவும் சிறு ஹோட்டலாகவும் மாறத் தொடங்கின. இன்று ஒரே தெருவில் புதிதாக வண்ணம் பூசிய ஹோட்டலும், பூட்டிக் கிடக்கும் வீடும், இன்னும் ஊதுபத்தி விற்கும் தாத்தாவும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது இதனால்தான்.

அதாவது, நீங்கள் பார்க்கும் "அழுக்கில்" பாதி, அந்த ஊர் பிழைத்து வந்த கதை. மீதிப் பாதி? அது நிஜமான தொல்லை. அதையும் பார்த்துவிடுவோம்.

நிஜமான சிரமங்கள் எவை?

முதலாவது, நடைபாதை. கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் பாதையை ஐந்தடி என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அருமையான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு வீட்டின் தரையும் ஒவ்வொரு உயரம். ஒரு கடையைத் தாண்டினால் ஒரு படி மேலே, அடுத்த கடையில் இரண்டு படி கீழே. நடுவில் மோட்டார் சைக்கிள், சாமான் பெட்டி, சில இடங்களில் சாப்பாட்டு மேசை. பல இடங்களில் ஸ்ட்ரோலரும் சக்கர நாற்காலியும் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். ஓரத்தில் மூடாத கால்வாய்களும் உண்டு. கைக்குழந்தை என்றால் ஸ்ட்ரோலரை ஹோட்டலில் விட்டுவிட்டு, மார்போடு கட்டிக்கொள்ளும் கேரியரை எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, மாடிப்படி. மரபுடைமைப் பகுதியின் மையத்தில் புதிய கட்டடம் 18 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது விதி. தெருவின் அழகு கெடாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் அங்குள்ள தங்குமிடங்களில் பல, பழைய கடைவீடுகள். செங்குத்தான மரப்படிதான், மின்தூக்கி இருக்காது. பதிவு செய்யும் முன் ஒரு போன் போட்டு, "லிஃப்ட் இருக்கா? தரைத்தளத்துல ரூம் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். புகைப்படத்தைப் பார்த்து முடிவெடுத்தால் பாட்டியின் முட்டிதான் விலை கொடுக்கும்.

மூன்றாவது, வெயில். காலை 11 மணிக்கு மேல் மாலை 4 மணி வரை, சின்னப் பிள்ளையும் முதியவரும் தெருவில் நடக்கும் நேரம் அல்ல.

நான்காவது, வாகனங்கள். குறுகிய ஒருவழிச் சாலைகள், எந்தப் பக்கத்திலிருந்தும் வரும் மோட்டார் சைக்கிள்கள். சுவரோவியத்தைப் படம் எடுக்கச் சாலை நடுவில் நிற்பவர்களை நீங்களே பார்ப்பீர்கள். பிள்ளையின் கையை விடாதீர்கள்.

எந்தப் பயத்தைக் குறைத்துக்கொள்ளலாம்?

"ராத்திரி வெளியே போகலாமா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. லிட்டில் இந்தியா, சூலியா தெருவின் சாப்பாட்டுக் கடைகள், கர்னி டிரைவ் ஆகிய இடங்களில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் குடும்பங்கள்தான் அதிகம். மலேசியாவின் மற்ற பெரிய நகரங்களில் எடுக்கும் அதே எச்சரிக்கை போதும்: கைப்பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாமல் சுவர்ப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், போனைக் கையில் நீட்டிக்கொண்டு நடக்காதீர்கள், ஆள் இல்லாத சந்துக்குள் நுழையாதீர்கள்.

பயத்தைவிடத் தூக்கம்தான் பிரச்சினை. லவ் லேன், சூலியா தெரு ஆகியவற்றின் சில பகுதிகளில் மதுக்கூடங்கள் உண்டு; இரவு நெடுநேரம் சத்தம் இருக்கும். பிள்ளைகளோடு தங்க அந்த வரிசை வேண்டாம்.

சாப்பாடு? சுடச்சுடச் சமைத்துத் தரும் கடை, கூட்டம் வரும் கடை, இந்த இரண்டும் போதுமான அளவுகோல். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாமே நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும்.

எங்கே தங்குவது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

மரபுடைமைப் பகுதிக்குள்: எல்லாமே பக்கம். நடுப்பகலில் அறைக்குத் திரும்பிப் பிள்ளையைத் தூங்க வைக்கலாம். ஆனால் நீச்சல் குளம், மின்தூக்கி இரண்டும் கிடைப்பது அரிது.

நகரத்தின் ஓரத்தில்: ஜாலான் சுல்தான் அகமட் ஷா, கர்னி டிரைவ் பக்கம் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. மின்தூக்கி, குளம், பக்கத்தில் பேரங்காடி. பழைய நகரத்துக்குக் காரில் சில நிமிடங்கள்தான். பாட்டியும் சின்னப் பிள்ளையும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு இதுவே பெரும்பாலும் சரியான தேர்வு.

பத்து பெரிங்கி கடற்கரையில்: ரிசார்ட், மணல், குளம். ஆனால் நகரத்துக்கு வர வளைந்து நெளிந்த கடலோரச் சாலையில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நெரிசல் நேரத்தில் இன்னும் கூடும். காரில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் யோசியுங்கள். இங்கே தங்கினால் ஜோர்ஜ்டவுனை ஒரே ஒரு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு நாளை எப்படிப் பிரிக்கலாம்?

கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு யோசனை: ரயிலில் பட்டர்வொர்த் வரை வந்து, அங்கிருந்து ஃபெரியில் தீவுக்குக் கடந்து வாருங்கள். ரயில் பயணம் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஃபெரி பயணம் கால் மணி நேரம்தான். 2023 முதல் புதிய ஃபெரிகள் ஓடுகின்றன. பாலத்தில் நெரிசலில் நிற்பதைவிட, கடல் காற்றில் நகரம் மெல்ல நெருங்கி வருவதைப் பார்ப்பது பிள்ளைக்குப் பிடிக்கும். விடுமுறை அங்கேயே தொடங்கிவிடும்.

காலை 8 மணிக்கு ஆர்மேனியன் தெருவுக்குப் போய்விடுங்கள். எர்னஸ்ட் ஸகாரேவிச் 2012-ல் வரைந்த, நிஜ சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகும் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் போனால் வரிசையில் நிற்க வேண்டும். தெருக்களின் கதையை நகைச்சுவையாகச் சொல்லும் இரும்புக் கம்பி உருவங்களும் ஊர் முழுக்க இருக்கின்றன. "யார் அதிகமா கண்டுபிடிக்கறா, பார்ப்போம்" என்று போட்டி வையுங்கள். நடக்க மறுக்கும் பிள்ளையும் நடக்கும்.

10 மணிக்குச் சியூ ஜெட்டி. கடலுக்குள் தூண் நட்டு, பலகை போட்டுக் கட்டிய சீனக் குடியிருப்பு இது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி உண்டு, சில ஓரங்களில் கைப்பிடி இல்லை. இன்னொன்று: அது கண்காட்சி அல்ல, வீடு. கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நடுப்பகலில் அறை, குளம், தூக்கம். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் குளிரூட்டிய இடம். கொம்தாரில் பிள்ளைகளுக்கான அறிவியல் மையம் இருக்கிறது.

மாலையில் கொடிமலை. 1923 முதல் ஓடும் மலை ரயில், 2011-ல் புதுப்பிக்கப்பட்டது. நகரத்தைவிட மேலே குளிர்ச்சியாக இருக்கும். பாட்டி ஒரு படிகூட ஏறாமல் உச்சிக்குப் போய்விடலாம் என்று சொல்ல முடியாது, நிலையத்தில் கொஞ்சம் நடக்க வேண்டும். ஆனால் மலை ஏறும் வேலையை ரயில் பார்த்துக்கொள்ளும். தண்ணீர்மலை முருகன் கோயில் அப்படியல்ல: 500-க்கும் மேற்பட்ட படிகள்.

நகரத்துக்குள் சுற்ற இலவச கேட் பஸ் இருக்கிறது. ஆனால் களைத்துப்போன பிள்ளையோடு பஸ்ஸுக்காகக் காத்திருப்பதைவிட, கிராப் காருக்குச் சில ரிங்கிட் கொடுப்பது பல நேரம் மேல்.

எப்போது போகாமல் இருப்பது நல்லது?

தைப்பூசத்தின்போது வெள்ளி ரதமும் தங்க ரதமும் வரும் காட்சிக்காகவே போவதென்றால் போங்கள். அமைதியான விடுமுறை வேண்டுமென்றால் அந்த வாரம் வேண்டாம். சாலைகள் மூடப்படும், அறைகள் நிரம்பிவிடும். சீனப் புத்தாண்டின் முதல் நாட்களில் நீங்கள் தேடிப் போகும் ஹாக்கர் கடைகள் பல மூடியிருக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் தீவின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. மழைக்காலத்தில் போவதாக இருந்தால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

ரிசார்ட்டில் கிடைக்காதது என்ன?

இவ்வளவு கஷ்டம் எதற்கு, லங்காவிக்கே போய்விடலாமே என்று நினைக்கிறீர்களா? நியாயமான கேள்விதான்.

பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நம்ம குடும்பம் எந்தக் கப்பல்ல வந்துச்சு?" சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பல்லாண்டுகள் ஓடிய ரஜூலா கப்பல், மலாயாவில் முதலில் தொட்ட துறைமுகம் பினாங்கு. பிறகு சிதம்பரம் கப்பல் வந்தது. 1985-ல் அதில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தப் பயணம் நின்றுபோனது. தோட்டத்துக்குப் போனவர்களும், கடை வைக்க வந்தவர்களும், நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேர் முதலில் கால் வைத்த மண் இந்தத் துறைமுகம்தான்.

அந்தத் துறைமுகத்திலிருந்து சற்றுத் தூரத்தில், 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. அதிலிருந்து சில நிமிட நடையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெருவின் பெயரே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களைக் குறிப்பது. இவை நம் குடும்பக் கதைக்குள் வரும் இடங்கள்.

பிள்ளைக்கு இது இப்போது புரியாமல் போகலாம். ஆனால் பாட்டி லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் கடை முன்னால் நின்று பழைய கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினால், அதைப் போனில் பதிவு செய்ய நீங்கள் அங்கே இருப்பீர்கள். இன்னும் பத்து வருடத்தில் அந்தக் கடையும் இருக்குமா, சொல்ல பாட்டியும் இருப்பாரா என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது.

சரி, முடிவு என்ன?

நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

1. வீட்டில் சக்கர நாற்காலி இல்லாமல் நகரவே முடியாதவர் இருக்கிறாரா? இருந்தால் பழைய நகரத்துக்குள் நடைப்பயணம் வேண்டாம். ஓரத்தில் தங்கி, குறிப்பிட்ட இடத்துக்குக் காரில் போய் இறங்குங்கள்.

2. நடுப்பகலில் நான்கு மணி நேரம் சும்மா இருக்க உங்களால் முடியுமா? முடியாது, எல்லா இடத்தையும் பார்த்தே ஆகணும் என்றால் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டுதான் திரும்புவீர்கள்.

3. பிள்ளைகளுக்கு வேண்டியது மணலும் தண்ணீரும் மட்டும்தானா? அப்படியானால் பத்து பெரிங்கியோ லங்காவியோ போங்கள். தப்பே இல்லை.

4. வீட்டில் கதை சொல்லும் ஆள் யாராவது இருக்கிறார்களா? இருந்தால் ஜோர்ஜ்டவுனைத் தள்ளிப் போடாதீர்கள்.

முதல் மூன்றையும் சமாளிக்கலாம் என்று தோன்றினால், இரண்டு இரவுகள் போதும். குடும்பக் குழுவில் மறுபடியும் "ஒரே அழுக்கு" என்று யாராவது எழுதினால் வாதாட வேண்டாம். தரைத்தளத்தில் அறை, மதியம் தூக்கம், ஃபெரியில் பயணம் என்று திட்டத்தை மட்டும் அனுப்புங்கள். பிறகு பாட்டியிடம் போன் போட்டு, "பினாங்குக்கு வரீங்களா பாட்டி?" என்று கேளுங்கள்.